பேசாமடந்தை பிஸ்கட்

அந்தப் பிஸ்கட்டுக்கு எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

பிஸ்கட் என்னவோ சாதாரணமானதுதான். மெல்லிய இரண்டு பிஸ்கட்டுகள், நடுவே டாஃபி, மேலே கறுத்த சாக்லேட், அதைச் சுற்றி வெள்ளித்தாள். கடித்த மாத்திரத்தில் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சம்பந்தி ஆகிவிடும். வாயாடிப் பிள்ளைகூடக் கொஞ்ச நேரம் ஊமையாக உட்கார்ந்திருக்கும். அதனால்தான் 'பேசாமடந்தை' என்று பெயர் என்பார்கள் அம்மாக்கள். பிஸ்கட் என்றால் உடைக்கும்போது படக்கென்று சத்தம் வர வேண்டும், இது மூச்சுக்காட்டாமல் இரண்டாகும், அதுதான் காரணம் என்பார்கள் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள். கம்பெனி முதலாளிக்கு வாய்த்த மனைவி ஓயாமல் பேசுகிறவள், பாவம் மனிதர் தன் ஆசையைப் பிஸ்கட்டில் தீர்த்துக்கொண்டார் என்று சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பிஸ்கட் வந்த தகர டப்பாக்களில் இப்போது பொத்தானும் ஊசிநூலும் கிடக்கின்றன. ஆனால் கதைகள் மட்டும் நமத்துப்போகவில்லை.

எந்தக் கதையிலும் வராத அந்த மடந்தை, மாடி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் அவள் கணவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் போனில் பேசுவதென்றால், எதிர்முனையில் இருப்பவருக்கு நேரடியாகவே கேட்டுவிடும் அளவுக்குக் குரல் வரும்.

"அதுக்கென்னம்மா, தாராளமா! அவளைக் கேக்கணுமா? அவ எதுக்கு வேண்டாம்னு சொல்லப்போறா? அவ வாயிலேருந்து வேண்டாம்கிற வார்த்தையை நானே கேட்டது கிடையாது. நாளைக்குச் சாயங்காலம் கூட்டிட்டு வந்துடறேன்."

போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். முகம் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது.

"யாரு தெரியுமா? நம்ம பழைய முதலாளியோட பேத்தி. கம்பெனியை மறுபடி ஆரம்பிக்கிறாளாம். மொதல்ல எந்தப் பிஸ்கட்டாம் தெரியுமா? உன் பிஸ்கட்! கவர்ல உன் படம் போடுவாங்களாம். பேரு வந்த கதையைப் பின்பக்கம் அச்சடிப்பாங்களாம். எப்படி?"

"ம்," என்றாள் அவள்.

அந்த வீட்டில் அவளுடைய 'ம்'முக்கு ஒரு அகராதியே போடலாம். வெட்டினாற்போல் வந்தால் சரி. இழுத்து வந்தால் பார்க்கலாம். மூக்கோடு இறங்கி முடிந்தால் வேண்டாம். இப்போது வந்தது மூக்கோடு இறங்கியது. மனைவியின் அகராதியைக் கரைத்துக் குடித்தவர்தான், ஆனால் அதைக் கேட்க அவர் நிற்கவில்லை. எந்தச் சட்டை போடுவது என்று பார்க்க பீரோவைத் திறக்கப் போய்விட்டார்.

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். அவளுக்கு அந்தப் படமும் வேண்டாம், அந்தக் கதையும் வேண்டாம். அதை நாளைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கடைகடையாக, கை கையாக, அவள் முகத்தோடு அது ஊர் சுற்றும். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. அதை அவள் இத்தனை வருடமாக நாக்குக்கு அடியிலேயே வைத்திருந்தாள்.

*

அவர் சொல்கிற கதை எல்லா உறவினருக்கும் மனப்பாடம். யார் வீட்டில் நாலு பேர் கூடினாலும் தட்டு வைத்துத் தண்ணீர் வைத்ததும் அவர் தொண்டையைச் செருமுவார்.

"இவளா பேசாதவ? கம்பெனியில இவளுக்குப் பட்டப்பேரே ரேடியோ! காலையில வந்து உக்காந்தா சாயங்காலம் சங்கு ஊதுற வரைக்கும் ஒலிபரப்பு. சாக்லேட் ரூம்ல பேசக் கூடாது. பேச்சு விழுந்தா சாக்லேட் பூத்துப்போயிடும். கேட்டாளா? ஒரு நாள் காலையில பாத்தா, அத்தனை தட்டும் சாம்பல் பூசின மாதிரி வெள்ளை! சூப்பர்வைசரம்மா புடிபுடின்னு புடிச்சாங்க. அன்னைக்குப் பூட்டின வாய். இன்னும் சாவி கிடைக்கல!"

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் எழுந்து டீ போடப் போவாள்.

கதையில் பெரும்பகுதி உண்மைதான். சாக்லேட் அறையில் நீளமான மேசைகள் இருந்தன. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெந்நீரில் வைத்த கிண்ணத்துச் சாக்லேட்டில் பிஸ்கட்டை முள்கரண்டியால் முக்கி எடுத்துத் தட்டில் அடுக்குவார்கள். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் சாக்பீஸால் அவரவர் பட்டப்பெயர் எழுதியிருக்கும். நாட்டாமை, அரைத்தூக்கம், ரேடியோ. யார் கையில் கோளாறு என்று பிறகு கண்டுபிடிக்க அந்த ஏற்பாடு. சாக்லேட்மேல் பேச்சு விழக் கூடாது என்பது அந்த அறையின் வேதம். வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிடுவார்கள். மூச்சில் ஈரம் இருக்கிறது, ஈரம் பட்டால் வெளுத்துப்போகும், ஆகவே பேச்சுப் பட்டால் வெளுத்துப்போகும். யார் முதலில் கண்டுபிடித்தார்களோ, ஒருவரும் சந்தேகப்பட்டதில்லை. நம்பிக்கொண்டேதான் எல்லோரும் பேசவும் பேசினார்கள். குரலைத் தாழ்த்தி, முகத்தைத் திருப்பி. அவள் மட்டும் முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

அவர் கதையில் வராதது ஒரு கதவு.

அறையின் கோடியில் குளிர் அறை. அதன் கதவு ஒரு சாண் தடிமன். உள்ளே தக்கை வைத்து அடைத்தது. 'கதவைச் சாத்து' என்று சிவப்பு எழுத்தில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். அவள் இருக்கை அந்தக் கதவை ஒட்டியது. நிறைந்த தட்டுகள் கைமாறிக் கைமாறி அவளிடம் வரும். அவள் தட்டினால் உள்ளே இருக்கும் குளிர் அறைக்காரன் திறந்து வாங்கிக்கொண்டு உடனே சாத்துவான். புதிதாகச் சேர்ந்த ஒல்லி இளைஞன். ஸ்வெட்டருக்குள் தொலைந்துபோனவன் மாதிரி இருப்பான்.

அந்த வாரம் அவள் தட்ட வேண்டியிருக்கவில்லை. கதவு ஒரு கையகலம் திறந்தே இருந்தது. உள்பக்கம் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து முட்டுக் கொடுத்திருந்தான். ஒவ்வொரு தடவையும் எழுந்து வந்து திறக்கச் சோம்பல், வேறென்ன என்று அவள் நினைத்துக்கொண்டாள். வெளிக்காற்றின் புழுக்கமெல்லாம் உள்ளே போய்க் குளிர்ந்த சாக்லேட்டின்மேல் இறங்கியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கதவோரத்து அடுக்கு முழுக்க வெளுத்திருந்தது. கதவோரத்து அடுக்கில் இருந்தவை பெரும்பாலும் கடைசி இருக்கைத் தட்டுகள். விளிம்பில் ரேடியோ, ரேடியோ, ரேடியோ.

"உன் வாய்க்கொழுப்புதான்டி இப்படி வெள்ளையா வழிஞ்சு நிக்குது!" என்று சூப்பர்வைசரம்மா தட்டைத் தூக்கிக் காட்டியபோது அறையே சிரித்தது. அவள் குளிர் அறைக்காரனைப் பார்த்தாள். கதவு அப்போது ஒழுங்காகச் சாத்தியிருந்தது. பெட்டியைக் காணோம். சூப்பர்வைசரம்மா கூப்பிட்டிருந்ததால் அவன் வெளியே வந்து நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சொல்வான் என்று அவள் காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

"இனிமே இந்த ரூம்ல நான் வாயைத் திறந்தா கேளுங்க," என்றாள்.

வீம்பு அது. ஒரு வாரத்தில் தணிந்திருக்க வேண்டியது. ஆனால் பேசாமல் இருப்பதற்கும் ஒரு ருசி உண்டு. பழகிவிட்டால் அதை விடுவது லேசில்லை. அவளைத் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் டாஃபி வைத்த புதுப் பிஸ்கட் வந்திருந்தது. நூல் நூலாக இழுக்கும், நிதானமான கை வேண்டும் என்று அதை அவளிடமே கொடுத்தார்கள். யாரோ ஒரு குறும்புக்காரி தட்டு விளிம்பில் ரேடியோவை அழித்துவிட்டுப் பேசாமடந்தை என்று எழுதினாள். சுற்றிப்பார்க்க வந்த முதலாளி, ஒரு பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டே விளிம்பைப் படித்தார். அது பிஸ்கட்டின் பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

"அட! நல்ல பேரா வச்சிருக்கீங்களே! இதையே போட்டுடலாம்!"

முதலாளி சிரிக்கும்போது திருத்துகிறவன் எந்தக் கம்பெனியிலும் இன்னும் பிறக்கவில்லை. பழி யார்மேல் என்று கண்டுபிடிக்க எழுதிய பெயர், அடுத்த மாதம் வெள்ளித்தாளில் பளபளத்தது.

பிறகு ஏன் அவனையே கட்டிக்கொண்டாள்? அதை அவள் துணி மடிக்கும்போதும் பாத்திரம் துலக்கும்போதும் எத்தனையோ முறை யோசித்ததுண்டு. அன்றைக்கு அறையில் சிரிக்காதவன் அவன் ஒருவன்தான். மழை நாட்களில் வாசலில் குடையோடு நிற்பான், கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு போவான். எல்லாம் சரி. ஆனால் உள்ளூர ஒரு கணக்கும் இருந்தது. என்றைக்காவது ஒரு நாள், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, 'கதவைத் திறந்து வச்சது நான்தான்' என்று அவன் சொல்வான். அவன் சொல்லவில்லை. அதற்குப் பதில், கொஞ்சம் கொஞ்சமாக, அதை ஒரு வேடிக்கைக் கதையாக்கிக்கொண்டான். முதல் முறை அவன் அதை நாலு பேர் மத்தியில் சொன்னபோது அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். அதற்குப் பிறகு அவளும் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

*

மறுநாள் காலையில் வெளியூரிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அம்மா! நீ கவர்ல வரப்போறியாமே! அப்பா எல்லாருக்கும் சொல்லியாச்சு. எங்க ஆபீஸ்ல இப்பவே ஆட்டோகிராஃப் கேக்குறாங்க."

"ம்."

"என்னம்மா ம்? சந்தோஷமா இல்லையா?"

"இல்ல."

மறுமுனை ஒரு நொடி தடுமாறியது. "என்ன இல்ல? சந்தோஷம் இல்லையா, சந்தோஷமா இல்லாம இல்லையா? உங்கிட்டப் பேசறது கிணத்துல கல்லைப் போட்ட மாதிரிம்மா. போட்டது தெரியும், விழுந்த சத்தம் வராது. சரி, அந்த நீலப் புடவையைக் கட்டிக்கோ. படத்துல நல்லா வரும்."

மகள் வைத்துவிட்டாள். அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். எதிர் மாடியில் ஒருத்தி பாயை உதறிக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் மகளுக்கு இரவுக் கதை சொன்னவர் அவர்தான். 'அம்மாவுக்குக் கதை தெரியாது' என்று அந்தப் பிள்ளை பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு நாள் அவள் வராந்தாவில் நின்று கேட்டாள். அப்போதும் திருத்தவில்லை.

கதவு திறந்திருந்தது. அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. இன்றைக்கு அதை எல்லோர் முன்னிலும் சொல்லிவிட்டால், அவர் இனி எந்த வீட்டிலும் தொண்டையைச் செரும முடியாது. அது நியாயம்தானா? நியாயம்தான். அப்படியும் மனம் ஒப்பவில்லை.

அவள் நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளவில்லை.

*

புதுக் கம்பெனி, தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை. இயந்திரங்கள் இன்னும் பாலித்தீன் உறைக்குள் இருந்தன. ஓரத்தில் கண்ணாடி அடைத்த சின்ன அலுவலக அறை. பழைய முதலாளியின் பேத்திக்குத் தாத்தாவின் மூக்கு. மற்றபடி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்கிற பெண். தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"உக்காருங்க ஆன்ட்டி. அங்கிள், நீங்க இந்தப் பக்கம். நாங்க இப்பச் சும்மா போன்லதான் எடுக்கப்போறோம், பயப்படாதீங்க."

மேசைமேல் ஒரு தட்டில் மாதிரி பிஸ்கட்டுகள். பக்கத்தில் கவரின் படம். கறுப்பும் தங்கமுமாக அச்சடித்திருந்தார்கள். நடுவே முக்காடு போட்ட மாதிரி தொப்பி அணிந்த ஒரு பெண்ணின் கோட்டுச் சித்திரம். உதட்டின்மேல் ஆள்காட்டி விரல். உஷ்!

அவள் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜப் படம் எடுத்ததும் இதே மாதிரி உங்களை வரையச் சொல்லிடுவேன் ஆன்ட்டி," என்றாள் பேத்தி. போனைத் தாங்கியில் நிறுத்தினாள். "அங்கிள், நீங்க ஆரம்பிங்க."

சொல்ல வேண்டுமா? அவர் செருமினார். ரேடியோ வந்தது, வெள்ளைத் தட்டுகள் வந்தன, வாய்க்கொழுப்பு வந்தது, பூட்டும் சாவியும் வந்தன. பேத்தி சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முடிந்ததும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆமா ஆன்ட்டி, அப்படி என்னதான் பேசிட்டிருந்தீங்க?"

இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. எத்தனை வீடுகளில் எத்தனை பேர் சிரித்திருப்பார்கள். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவள் வாயைத் திறந்தாள். பழைய கதவைத் தள்ளுகிற மாதிரி, உடனே வரவில்லை.

"பீரோ கதை!" என்றார் அவர்.

அவள் திரும்பினாள்.

"இவளோட பெரியப்பா ஒரு பழைய பீரோ வாங்கினாரும்மா. உசரம் பாத்தார், அகலம் பாத்தார், மாடிப்படியைப் பாக்கல. நாலு பேரு தூக்கிட்டுப் போறாங்க, படித் திருப்பத்துல மாட்டிக்கிச்சு. மேலயும் போகல, கீழயும் வரல. சமையக்கட்டோட பெரியம்மா மாடியில, பெரியப்பா கீழ. 'அப்பவே சொன்னேன், இந்தச் சவப்பெட்டி நமக்கு வேணாம்னு' அப்படின்னு மேலேருந்து. 'நீ ஒரு நிமிஷம் சும்மா இருந்தா அதுவா இறங்கிடும்' அப்படின்னு கீழேருந்து." பெரியம்மாவுக்குக் கீச்சுக் குரல். பெரியப்பாவுக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு வறட்டு இருமல். "சாப்பாடு வாளியில வச்சுக் கயித்துல கட்டி ஜன்னல் வழியா இறங்குது. பெரியப்பா ஒரு வாய் வச்சுப் பாத்துட்டு, 'உப்பில்ல' அப்படின்னு வாளியைத் திருப்பி அனுப்பறார். வாளி மறுபடி இறங்குது. உள்ள பாத்தா வெறும் உப்பு!"

பேத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நிறுத்தவில்லை. சோப்புத் தடவச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரர், ரம்பத்தோடு வந்த தச்சர், 'அறுக்கறதா இருந்தா படியை அறுங்க, பீரோவை விடுங்க' என்று மல்லுக்கு நின்ற பெரியப்பா. அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இதெல்லாம் தான் சொன்னது என்று அவளுக்கே மறந்து போயிருந்தது. அந்த இருமல் அவள் வைத்த இருமல். அந்த வறட்டு இருமலை அவள் செய்யும்போது முள்கரண்டி கிண்ணத்தில் பட்டு டிங்கென்று ஒலிக்கும். அவர் இருமிவிட்டு, விரலால் மேசைத் தட்டின் விளிம்பை டிங்கென்று சுண்டினார்.

"நாலாம் நாள் காலையில பீரோவுக்குள்ளேருந்து சத்தம். டொக், டொக். 'கீழேருந்து உதைக்காதீங்க!' 'நான் எங்கடி உதைச்சேன், நீதான் மேலேருந்து இடிக்கிற!' மறுபடி டொக், டொக். பீரோக் கதவு மேல்பக்கம் பாத்து இருக்கு. பெரியம்மா துணிஞ்சு சாவியைப் போட்டுத் திறந்து, எட்டி உள்ள பாக்குறா..."

நிறுத்தினார்.

"அய்யோ, அப்புறம்? உள்ள என்ன இருந்துச்சு?" என்றாள் பேத்தி.

"தெரியாதும்மா. அதுக்குள்ள சூப்பர்வைசரம்மா தட்டைத் தூக்கிட்டு வந்துட்டாங்க."

சொன்ன பிறகுதான் தான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது போலிருந்தது. முகத்தில் இருந்த வெளிச்சம் மெல்ல இறங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்து முழுதாக வாயில் போட்டுக்கொண்டார்.

அவரிடம் அவள் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. ஆண்கள் அந்த அறைக்குள் வரக் கூடாது. சூப்பர்வைசரம்மா கூப்பிட்டாலொழிய வந்ததும் இல்லை. ஒரு சாண் தடிமன் கதவு. சாத்தியிருந்தால் சங்கு ஊதுவதுகூடக் கேட்காது என்று குளிர் அறைக்காரர்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஆள் விட்டுச் சொல்வார்கள். அவளுக்குக் கவிழ்த்த மரப்பெட்டி கண்முன் வந்தது. கையகலம் திறந்த இடுக்கு. அந்தப் பெட்டியை அவள் இத்தனை வருடமாகச் சோம்பேறித்தனம் என்றே படித்துவந்தாள். அந்தக் குளிரில், ஸ்வெட்டருக்குள், பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஒருத்தன் காதைக் கொடுத்துக் கேட்டிருக்கிறான். ஒரு சொல் விடாமல். உப்பு வாளியைக்கூட விடாமல்.

கேட்டவன் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கதை அன்றைக்கு நின்றிருக்காது. அதுவும் அவளுக்குத் தோன்றியது. இரண்டும் ஒரே நேரத்தில் தோன்றின. எதை முதலில் எடுப்பது என்று தெரியவில்லை.

மேலே விசிறி கரகரத்தது. பேத்தி ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றினாள். பிறகு மெதுவாக, "அப்போ ஆன்ட்டி, அங்கிள் சொன்னதையே கவர்ல போட்டுடலாம்தானே? நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். வாய் டாஃபியில் மாட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும்தான் பாக்கி. எந்த வீட்டிலும் கதை சொல்லும்போது அவளைப் பார்க்காத கண். அதில் பயம் இருந்தது. செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த ஒல்லி இளைஞனின் அதே பயம், கிழடாகி.

"வேண்டாம்மா," என்றாள் அவள்.

குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. இன்னொரு முறை சொன்னாள்.

"வேண்டாம். பேச்சு விழுந்து சாக்லேட் பூக்கலம்மா. பேச்சால எதுவும் பூக்காது, அந்த ரூம்ல எல்லாரும் அப்படி நம்பிட்டிருந்தோம். அன்னைக்குக் குளிர் ரூம் கதவு திறந்து கிடந்துச்சு. புழுக்கம் உள்ள போச்சு. அவ்வளவுதான். நான் பேசினதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"ஓ," என்றாள் பேத்தி. "யாரு திறந்து..."

"திறந்து கிடந்துச்சு," என்றாள் அவள். "ஒரு பொம்பளை பேசினதால கெட்டுப்போச்சு, வாயை மூடினதால நல்லாச்சுன்னு கவர்ல போட்டா, வாங்கித் தின்னுற புள்ளைங்க என்ன நினைக்கும்? எனக்கு அது வேண்டாம்."

அவர் ஏதோ சொல்ல முயன்றார். 'ம்ம்' என்றுதான் வந்தது. பேத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

"அப்போ பேரையும் மாத்தணுமா ஆன்ட்டி? எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கேக்குறாங்க."

அவள் யோசித்தாள். தட்டு விளிம்பில் முதல்முதலாக அந்தப் பெயரைப் பார்த்த காலை நினைவுக்கு வந்தது. பிறகு, கடை வாசலில் ஒரு பிள்ளை அந்தப் பெயரைச் சொல்லி அடம்பிடித்து அழுததும் நினைவுக்கு வந்தது. அந்தப் பிள்ளைக்கு அவளை எங்கே தெரியும்?

"பேரு இருக்கட்டும். அது எப்பவோ பிஸ்கட்டோடது ஆயிடுச்சு. கதை ஒண்ணும் போடாதீங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கிறாங்கல்ல, சொல்லிட்டுப் போகட்டும்." விரலை நீட்டிச் சித்திரத்தைத் தொட்டாள். "இந்தப் பொண்ணு உதட்டுல இருக்கிற விரலை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க."

"விரலை எடுத்துட்டா பேசிடுவாங்களே ஆன்ட்டி!"

"பேசட்டுமே. உங்களுக்கு என்ன போச்சு?"

பேத்தி போனை எடுத்துப் பதிவை நிறுத்தினாள். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. ஆனால் வாசல் வரை வந்து இருவர் கையிலும் ஒரு பொட்டலம் வைத்தாள்.

*

பஸ் நிறுத்தத்தில் ஆள் அதிகமில்லை. வெயில் சாய்ந்து, எதிர்ப் பக்கத்துக் கட்டடத்தின் ஜன்னல்கள் செம்பு நிறமாகியிருந்தன. இரண்டு பேரும் சிமெண்டு பெஞ்சில் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். அவர் இன்னும் நாக்கால் பல்லிடுக்கில் டாஃபியைத் தேடிக்கொண்டிருந்தார். தேடுவதற்கு ஒன்றும் இல்லாமல் போன பிறகும் தேடினார்.

ஒரு பஸ் வந்தது. அவர்களுடையது இல்லை. போயிற்று.

"கேக்கத் தெரிஞ்சவருக்குச் சொல்லத் தெரியாமப் போச்சே," என்றாள் அவள், சாலையைப் பார்த்துக்கொண்டு.

அவர் தலை குனிந்தது. "வேலைக்குச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. பயந்துட்டேன்," என்றார். "நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... அப்புறம் நீ பேசறதையே விட்டுட்ட. என்னத்தைச் சொல்லி எப்படித் திறக்கறதுன்னு எனக்குத் தெரியல."

மன்னித்துவிட்டதாக ஒரு 'ம்' கொட்டலாம். அகராதியில் அதற்கும் ஒன்று இருக்கும். அவளுக்குக் கொட்டத் தோன்றவில்லை. கோபம் இருந்தது. இவ்வளவு வருடத்துக் கோபம் ஒரு பீரோக் கதையில் கரைந்துவிடுமா என்ன? ஆனால் கோபத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் கதையை ஒருத்தன் இத்தனை காலம் இருமலோடும் டிங் சத்தத்தோடும் வைத்திருந்தான் என்பதை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார்.

"கேளுங்க."

"உள்ள என்ன இருந்துச்சு?"

அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். விளையாடவில்லை. வைத்தியரிடம் முடிவு கேட்க உட்கார்ந்தவர் மாதிரி முழங்கால்மேல் கை வைத்திருந்தார்.

அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. மறந்துபோகவில்லை. அன்றைக்கே இல்லை. அவளுக்குப் பெரியப்பா இருந்தார், பழைய பீரோவும் இருந்தது. மாட்டிக்கொண்டது, வாளி இறங்கியது எல்லாம் அவள் அளந்துவிட்டது. அந்த நாட்களில் கை பிஸ்கட்டை முக்கும், வாய் அடுத்த வாக்கியத்தை முக்கி எடுக்கும். கரண்டி மேலே வரும்வரை அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது. பீரோக் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே என்ன வைக்கலாம் என்று அவள் தேடிக்கொண்டிருந்த நொடியில்தான் சூப்பர்வைசரம்மா வந்தார்.

இதைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். மனிதர் இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார். சொன்னால் பஸ் நிறுத்தத்திலேயே உயிரை விட்டுவிடுவார்.

"கதவைத் திறந்ததும்," என்றாள். நிறுத்தினாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். "திறந்ததும் மொதல்ல ஒண்ணும் தெரியல. ஒரே இருட்டு. வாசனைதான் வந்துச்சு. பெரியம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு, 'என்னங்க, இங்க யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கியிருக்காங்க' அப்படின்னாங்க. பெரியப்பா கீழேருந்து..." இருமினாள். வறட்டு இருமல். அது அங்கேயே இருந்தது, துருப்பிடிக்காமல். "'உனக்கு எப்பப் பாத்தாலும் சமையக்கட்டு நினைப்புத்தான்' அப்படின்னார்."

அவர் ஒரு ஆள் இடைவெளியைப் பாதி ஆள் ஆக்கினார். "பூனைதானே? நான் எப்பவும் பூனைன்னுதான் நினைச்சுக்குவேன். பீரோ வித்தவன் வீட்டுப் பூனை உள்ள..."

"பூனை எங்கயாவது எலுமிச்சம்பழம் நறுக்குமா?"

"அதானே. அப்போ..."

"குறுக்கே பேசாதீங்க," என்றாள் அவள். அவர்களுடைய பஸ் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து ஏறும்போதும் அவள் நிறுத்தவில்லை. "பெரியம்மா கையை உள்ள விட்டாங்க. விட்ட கையை, உள்ளேருந்து யாரோ புடிச்சாங்க..."